காபி மட்டும்தான் குடித்தேன், சிஸ்டர்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியை ஒருவர் பதில் அளிக்கும் பகுதி

சென்ற இதழில் ஒருவர், ‘அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும் காபி குடித்துவிட்டு வந்து நிற்கிறார்களே, ஏன்?’ என்று கேட்டிருந்தார். ‘தப்பு குடித்தவர் மேல் இல்லை, சொன்னவர் மேல்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் செவிலியர்கள் எழுதியவை, சிலவற்றில் நல்ல காரம். பொறுக்கி எடுத்தவற்றுக்கு இங்கே பதில்.

தப்பு சொன்னவர் மேல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? படித்துப் படித்துச் சொல்கிறோம். கேட்காதவர்களுக்கு நாங்கள் என்ன செய்வது?
— ஒரு செவிலியர், திருச்சி

சொன்னவள் நானாக இருந்ததால்தான் மனம் வந்தது. எண்பதுகளில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தேன். குடியாத்தம் பக்கத்து நெசவாளி ஒருவருக்குக் குடலிறக்க அறுவை. முந்தின நாள் மாலை, “நாளைக் காலை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்” என்றேன். தலையாட்டினார். காலையில், “ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்றேன். “இல்லை” என்றார். தள்ளுவண்டியில் தியேட்டர் வாசல்வரை போன பிறகு, மயக்க மருந்து டாக்டர் அவர் முகத்தருகே குனிந்தார். காபி வாசனை. “காபி மட்டும்தான் குடித்தேன், சிஸ்டர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அந்த மனிதர். குரலில் கள்ளமே இல்லை. அறுவை நான்கு நாள் தள்ளிப்போனது. நான்கு நாள் தறி ஓடவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் பொய் சொன்னாரா? யோசித்துப் பாருங்கள். ‘வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, அல்சர் வரும்’ என்று நாம்தானே ஊர் முழுக்கச் சொல்கிறோம்? அந்த வாக்கியத்தின்படி காபி உள்ளே போன பிறகும் வயிறு வெறும் வயிறுதான். பலகாரம் உள்ளே போனால்தான் அது நிறையும். நான் பேசியது இரைப்பையைப் பற்றி. மயக்கத்தில் அதில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் எனக்கு. அவர் கேட்டதோ காலைச் சாப்பாட்டைப் பற்றி. இருவர் பேசியதும் தமிழ், இருவரும் ஒரே மாவட்டம்.

அதன் பிறகு என் வாக்கியத்தை மாற்றினேன். “இரவு பத்து மணிக்கு மேல் வாய் வழியாக எதுவும் போகக் கூடாது. இட்லி போகக் கூடாது, காபி போகக் கூடாது, டீ, பால், வெற்றிலை, எதுவும் கூடாது.” சொல்லி முடித்ததும், “காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்பேன். “பல் விளக்கிவிட்டு, டீக்கடைக்கு...” என்று ஆரம்பித்து, தாமே நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். (இப்போதெல்லாம் வெறும் தண்ணீரை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். பால் விட்ட காபி அந்தச் சலுகையில் வராது.)

பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். நோயாளியின் பண்பாட்டையும் பராமரிப்பையும் இணைத்துக் காட்டும் லைனிங்கரின் ‘உதய சூரியன்’ வரைபடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்தப் படத்தை வரைந்ததைத் தவிர அவர் என்னதான் செய்தார்?
— ஒரு மாணவி, சேலம்

அந்தப் படத்தைக் கரும்பலகையில் இருபது ஆண்டுகள் வரைந்து, உங்களைப் போன்றவர்களின் உயிரை வாங்கியவள் நான். முதலில் அதற்கு ஒரு மன்னிப்பு.

மேடலின் லைனிங்கர் 1925இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஐம்பதுகளின் நடுவில் சின்சினாட்டி நகரில் மனநலச் சிகிச்சை பெறும் குழந்தைகளிடையே வேலை பார்த்தார். வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள். ஒரே சிகிச்சை, ஒரே அட்டவணை. ஆனால் சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது, அழும்போது, ஒவ்வொரு பிள்ளையும் பெரியவர்களிடம் எதிர்பார்த்தது வேறு வேறு. தான் கற்றிருந்த உளப்பகுப்பாய்வில் அதற்கு விடை இல்லை என்று கண்டார். அந்தச் சமயத்தில் மானிடவியலாளர் மார்கரெட் மீட் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்திருந்தார். அவரிடம் போய்ப் பேசினார். பேச்சு அவரை எங்கே கொண்டுவிட்டது என்றால், செவிலியம் படித்தவர் மானிடவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நியூ கினியின் கிழக்கு மலைநாட்டில், காட்சப் மக்களின் கிராமங்களில் போய்த் தங்கினார். 1965இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம். பிறகு, நோயாளியின் பண்பாட்டை அறிந்து பராமரிக்கும் செவிலியத்துக்காக 1974இல் ஒரு சங்கம், 1989இல் ஓர் ஆய்விதழ், உலகம் முழுக்க மாணவர்கள். 2012இல் மறைந்தார்.

காட்சப் மக்களிடம் அவர் கண்டவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களிடையே ஒருவரைப் பராமரிப்பது என்றால், அவர்மேல் ஒரு கண் வைத்திருப்பது. பக்கத்தில் இருந்தும், தூரத்தில் இருந்தும். இதைப் படித்த அன்று எனக்குச் சுரீர் என்றது. ‘பராமரிப்பு’ என்ற சொல்லை நாம் பாடநூலில்தான் எழுதுகிறோம். வீட்டில், “அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்றுதானே கேட்கிறோம்? ‘பார்த்தல்’தான் நமக்கும் பராமரிப்பு. அப்படியானால் பார்வையாளர் நேரத்தில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் தூக்கிக்கொண்டு ஏழு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, ஒன்றும் பேசாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களைக் ‘கூட்டம் போடாதீர்கள்’ என்று விரட்டினேனே, நான் விரட்டியது எதை? தொற்று, காற்றோட்டம் என்று எனக்கும் நியாயங்கள் உண்டு. ஆனாலும் அதற்குப் பிறகு, விரட்டும் குரல் மாறிவிட்டது.

அவர் சொன்ன மூன்று வழிகளைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள்: நோயாளியின் வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி ஒரு நடுவழி காண்பது, மாற்றி அமைப்பது. இதை நீங்கள் பிரசவ வார்டில் ஒரே காலையில் மூன்றையும் பார்த்துவிடலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வருகிறார்களா? வரட்டும், அது காப்பது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறார்களா? அதை மாற்றியே ஆக வேண்டும். நடுவழிக்கு ஒரு பாட்டியைச் சொல்கிறேன். பிறந்து ஒரு மணி நேரம் ஆன பேரனுக்குச் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு பொன் மோதிரமும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று பயிற்சி மாணவி ஒருத்தி ஒரு பிரசங்கம் செய்தாள். பாட்டி அசையவில்லை. குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும், அவருக்கு அதுதான் விஷயம். மூத்த செவிலியர் ஒருவர் வந்து, “பாட்டி, உங்கள் மருமகள் நாக்கில் வையுங்கள். அவள் பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேராதா?” என்றார். பாட்டி கொஞ்சம் யோசித்தார். மோதிரத்தைத் தொட்டு மருமகள் நாக்கில் வைத்தார். மருமகள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமியார் கையால் அவளுக்கு அதற்கு முன் இனிப்புக் கிடைத்ததில்லை போலிருக்கிறது.

அந்த மூத்த செவிலியர் லைனிங்கர் பெயரைக் கேள்விப்பட்டவர் இல்லை. இதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போடமாட்டார்கள்.

வேலூரில் பணிபுரிகிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் எனப் பல இடங்களிலிருந்து நோயாளிகள். கூட வரும் மகனோ மருமகனோ கொஞ்சம் ஆங்கிலமோ இந்தியோ பேசினால் அவரை வைத்தே சமாளிக்கிறோம். இது சரியா?
— ஒரு செவிலியர், காட்பாடி

“சாப்பாட்டுக்கு எத்தனை இட்லி?” என்று கேட்க அவர் போதும். மற்றதற்குப் போதாது.

முதலில் ஒரு வேடிக்கை. வங்காளியில் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் ஒரே வினைச்சொல். சோற்றையும் ‘காவா’, தண்ணீரையும் ‘காவா’, சிகரெட்டையும் ‘காவா’. ஆகவே வங்காளியில் நேரடியாக “எதுவும் சாப்பிடாதீர்கள்” என்று சொன்னால் தண்ணீரும் அதில் அடங்கிவிடும், என் நெசவாளியின் கதை அங்கே நடக்காது. அதையே இந்தி வழியாகச் சொன்னால், இந்தியில் சாப்பாடு வேறு, குடிப்பது வேறு. இடையில் இருக்கும் மருமகன் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்பதில் ஓர் அறுவை சிகிச்சையே தொங்குகிறது.

இது வேடிக்கையாக முடியாத இடமும் உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கியூபப் பின்னணியுள்ள ஒரு பதினெட்டு வயது இளைஞரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் ‘இன்டாக்ஸிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். அவர்கள் பேச்சில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று விழுந்தது. அளவுக்கு மீறிய போதைமருந்து என்று முடிவு செய்து அந்த வழியில் சிகிச்சை போனது. உண்மையில் மூளைக்குள் இரத்தக் கசிவு. அவர் கை கால் செயலிழந்து போனார். ஈட்டுத்தொகை ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். அங்கே யாரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, ஏனென்றால் சொல் புரிந்துவிட்டது என்று எல்லாருமே நினைத்தார்கள். புரியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். புரிந்தது போலிருக்கும் சொல் தாண்டிப் போய்விடும்.

க்ளென் ஃப்ளோரஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாக ஒப்பிட்டார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள். அதிகமான பிழை எது தெரியுமா? விட்டுவிடுவது. இதற்கு எனக்கு ஆய்வே தேவையில்லை. ஒரு பெரியவர் இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், கண்ணில் நீர்கூட வந்தது. மகன் என்னிடம் திரும்பி, “ஒன்றுமில்லை என்கிறார்” என்றான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே வெட்கமானது. ஒரு தாய்க்கு அதிக இரத்தப்போக்கு. கூட இருந்த பதினொரு வயது மகனுக்குத்தான் பள்ளிக்கூட ஆங்கிலம் தெரியும். அவசரத்தில் அவனிடமே கேட்டேன். அந்தப் பையன் காது சிவக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாய் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் அன்று முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, அவசர நிலை தவிரச் சிறுவர்களை மொழிபெயர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விதி இல்லாவிட்டாலும் நமக்குத் தோன்றியிருக்க வேண்டியதுதான்.

வார்டில் வங்காளி தெரிந்த ஊழியர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அது முதல் படி. பேசும்போது மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளியைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். கடைசியில் நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 63. கண்புரை அறுவைக்குச் சென்றபோது ஒரு சின்னப் பெண் “பாட்டி, இப்படித் திரும்பிப் படு” என்றாள். வலித்தது.
— ஒரு வாசகி, காரைக்குடி

‘பாட்டி’ வலித்ததா, ‘படு’ வலித்ததா? அந்தப் பெண் அன்பாகத்தான் சொல்லியிருப்பாள். அவள் வீட்டில் பாட்டிக்கு ‘நீ’தான். உங்கள் வீட்டில் ‘நீங்கள்’. “உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அம்மா?” என்று கேட்க இரண்டு விநாடி ஆகும். அடுத்த முறை நீங்களே, “என்னை டீச்சர் என்று கூப்பிடு கண்ணு” என்று சொல்லிவிடுங்கள். எழுபது வயதுத் தாத்தாக்கள் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ‘சிஸ்டர்’ என்று அழைக்கும் இடம் அது. உறவுமுறையெல்லாம் அங்கே ஏற்கெனவே தலைகீழ்தான்.

மலையாளிகள் இப்படி, வடக்கத்தியர் அப்படி, இஸ்லாமியர் இப்படி என்று சமூக வாரியாக ஒரு கையேடு வெளியிட்டால் செவிலியருக்குப் பயன்படுமே?
— ஒரு வாசகர், கோவை

வேண்டாம். 2017இல் அமெரிக்காவில் ஒரு செவிலியப் பாடநூல் இதைத்தான் செய்தது: எந்த இனத்தார் வலியை எப்படிக் காட்டுவார்கள் என்று ஒரு பட்டியல். கண்டனம் எழுந்து, பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது.

அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்பே, 1998இல், மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் கட்டுரையில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார்கள். அறுவை முடிந்த ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் வலியில் இருக்கிறார். அங்கே வந்த லத்தீன் அமெரிக்க மருத்துவர், “இவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே” என்கிறார். செவிலியரோ, தாம் பண்பாட்டு வகுப்பில் படித்திருப்பதாகவும், அந்த மக்கள் வலியை மிகைப்படுத்துவார்கள் என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறார். படித்ததே கண்ணை மறைத்தது. பண்பாட்டைக் கரைத்துக் குடிப்பதைவிடப் பணிவோடு கேட்பது மேல் என்பது அவர்கள் கட்சி.

லைனிங்கரின் வழியிலும் இந்த ஆபத்து உண்டு என்பது என் கருத்து. அவரைப் படித்தவர்கள் அவருடைய பொறுமையை விட்டுவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். இதை நேராகக் கேள்வி கேட்டவர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களில் ஒருவரான செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில் மவோரி மாணவி ஒருத்தி எழுந்து, ‘சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே?’ என்ற பொருளில் கேட்டாள். ராம்ஸ்டன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நோயாளியின் பண்பாட்டை ஆராய்வதற்கு முன் செவிலியர் தன்னை ஆராயட்டும், கொடுத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று வாங்கியவர் சொல்லட்டும் என்றார். 1992இல் அந்த நாட்டுச் செவிலியர் மன்றம் இதைப் பாடத்திட்டத்துக்கான வழிகாட்டுதலாக்கியது. பத்திரிகைகளில் பெரிய சண்டை, நாடாளுமன்றக் குழு விசாரணைவரை போனது. ராம்ஸ்டன் 2003இல் இறந்தார்.

மவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம். அதே சொல்தான் நஞ்சுக்கொடிக்கும். குழந்தை பிறந்ததும் அதைத் தங்கள் மண்ணில் புதைப்பார்கள். மருத்துவமனையில் அது கழிவு வாளிக்குப் போனால் அந்தத் தாய்க்கு என்ன போயிற்று என்று வாளியைத் தூக்குகிறவருக்குத் தெரியாது. நாம் அதை ‘நஞ்சு’ என்கிறோம், அவர்கள் மண் என்கிறார்கள். ஆனால் நம் கிராமங்களிலும் அதைப் புதைத்தவர்கள்தானே? சரி, எங்கோ போய்விட்டேன்.

சிட்னியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி. மருத்துவமனையில் “பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு வலி?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்கிறார். இரவு முழுக்க முனகுகிறார்.
— ஒரு வாசகி, ஆஸ்திரேலியா

உங்கள் அம்மா தேர்வு எழுதவில்லை, மதிப்பெண் போட அவருக்குத் தெரியாது. ‘பத்து’ என்று சொன்னால் இந்த வெள்ளைக்காரப் பெண் பயந்துவிடுவாளே என்றுகூட நினைத்திருப்பார். பதிலாகச் சொற்களைக் கேளுங்கள். நம்மிடம் இருக்கும் அளவுக்கு யாரிடம் இருக்கிறது? குத்தலா, குடைச்சலா, உளைச்சலா, கடுப்பா, எரிச்சலா, பிடிப்பா, இழுப்பா? குடைச்சல் என்றால் எலும்புக்குள், உளைச்சல் என்றால் இரவில் காலை வைக்க இடம் இல்லாமல். ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் வலிச் சொற்களை வகைப்படுத்தி ஒரு வினாத்தாளே உருவாக்கினார். எண் மட்டும் போதாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு, முடியாமல் போன வேலையைக் கேளுங்கள். “கீழே உட்கார்ந்து பூத் தொடுக்க முடிகிறதா?” அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் மருத்துவர் முன்னால் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். மகளுக்கு முன்னால் அம்மாக்கள் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973இல் தொடங்கியது, தமிழும் உண்டு. மருத்துவமனையிடமே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவுப் பணியில் ஒரு வார்டுக்கு நான் ஒருத்தி. பண்பாடு, உரையாடல் என்று எழுதுகிறீர்கள். நேரம் எங்கே?
— ஒரு அரசு மருத்துவமனைச் செவிலியர்

நியாயமான கேள்வி. ஆள் போடாமல் ‘அன்பாகப் பேசுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. நோயாளியிடம் எட்டுக் கேள்வி கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆர்தர் க்ளைன்மன் என்ற மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர், நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அறிய எழுபதுகளின் இறுதியில் அந்த எட்டுக் கேள்விகளை எழுதினார். அவற்றில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: இதில் உங்களுக்கு எது பயம்?

ஒரு சர்க்கரை நோயாளி. இன்சுலின் வேண்டாம் என்று மூன்று நாளாக மறுத்துக்கொண்டிருந்தார். ஊசி வலிக்குப் பயம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. உடற்பயிற்சி, உணவு, சிறுநீரகம் என்று எல்லாரும் வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் இரவு கட்டில் ஓரமாக நின்று, “எதற்கு ஐயா பயம்?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கள் அண்ணனுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்த நாற்பதாவது நாள் காரியம் செய்தோம்” என்றார். அவர் ஊரில் இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம். நாங்கள் ஊசியைக் காட்டும்போதெல்லாம் அவர் தேதி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மளிகைக்கடைக்காரர், பதினோரு ஆண்டாக இன்சுலின் போடுகிறவர். அவரை எழுப்பினேன். தூக்கம் கலைந்த எரிச்சலோடு பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டி, “சாகிறவன் மாதிரியா இருக்கிறேன்?” என்று ஒரு அதட்டல் போட்டார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

காலையில் மருந்துத் தட்டோடு போனேன். சட்டையின் கீழ்ப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே, “இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டார்.